கதவு கேட்ட பெயர்

“…அப்போ நான் நான்தான்னு சொன்னா கதவு மூடியே இருக்கும். வேற ஆளுன்னு சொன்னா தொறந்துக்கும். அதானே சார் நீங்க சொல்ல வர்றது?”

திண்டிவனத்தில் ஒரு வங்கிக் கிளையின் மூன்றாம் நம்பர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அக்கா இதைக் கேட்டபோது மணி மூன்றே கால். ஐந்து மணிக்குள் ஒரு பணம் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் ஒன்பது பெண்களுடைய வேலை போய்விடும். அந்த ஒன்பதில் ஒருத்தி என் மனைவி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த இளம் அதிகாரி ரப்பர் ஸ்டாம்பை எடுத்து மை டப்பாவின் மேல் வைத்தார், பிறகு கீழே வைத்தார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அந்தப் பார்வைக்கு வருவதற்கு முன்னால் அக்காவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவர் கேட்டது ஏதோ குதர்க்கம் என்று தோன்றிவிடும். அவருடைய பெயரை மட்டும் இங்கே எழுதப் போவதில்லை. ஒரு பெயருக்காக அவர் பட்டது போதும்.

எனக்கு ஜெராக்ஸ் கடை. பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் பின்னால் போகிற சந்தில் இருக்கிறது. படிப்பு எட்டாவதோடு நின்றது. மீதி எல்லாம் ஜனங்கள் ஜெராக்ஸ் எடுக்கக் கொண்டுவந்த காகிதங்களைப் படித்துத் தெரிந்துகொண்டதுதான். அடுத்த கடை அக்காவுடையது. கம்ப்யூட்டர் ரிப்பேர். திண்டிவனத்தில் ஒரு பெண்பிள்ளை ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்திருப்பதை வேடிக்கை பார்க்கவே ஆரம்பத்தில் நான்கு பேர் வந்து நிற்பார்கள். “நின்னது போதும், உள்ள வந்து அந்த டப்பாவப் புடிங்க” என்பார். பிடித்தவர்கள் வாடிக்கையாளர் ஆனார்கள்.

முதல் மாதமே அவர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அரிசி மண்டிக்காரர் ஒருவர் புது பிரிண்டர் வாங்கி வந்திருந்தார். அதை மெஷினில் ஏற்றும்போது, “விதிமுறைகளைப் படித்தேன், சம்மதிக்கிறேன்” என்று ஒரு கட்டம் வருமே, உலகத்தில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு அமுக்குகிற கட்டம், அக்கா அங்கே நின்றுவிட்டார். ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக இருந்தது. அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு படிக்கிறார். முக்கால் மணி நேரம். மண்டிக்காரருக்கு வெளியே லாரி நிற்கிறது.

“ஏம்மா, கோர்ட்டுத் தீர்ப்பா படிச்சிக்கினு இருக்கிற? ஜல்தி அமுத்தும்மா.”

“தீர்ப்பு இல்லீங்க, வாக்குமூலம். உங்க பேர்ல நான் குடுக்கப் போறது.”

“எல்லாரும் இப்படித்தான் படிக்கிறாங்களா?”

“யாரும் படிக்கிறதில்ல. படிச்சேன்னு மட்டும் சொல்லிடறாங்க.”

மண்டிக்காரர் என் பக்கம் திரும்பி, “இன்னாய்யா, இது ரிப்பேர் கடையா, பாவமன்னிப்புக் கூண்டா” என்றார். அக்கா கத்தோலிக்கர். அதைக் கேட்டு அவரே சிரித்துவிட்டார். ஆனால் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுத்தான் அமுக்கினார்.

இன்னொரு நாள் அவசரமாக என்னைக் கூப்பிட்டார். பாம்பு கீம்பு வந்துவிட்டதோ என்று ஓடினேன். திரையில் ஒன்பது சின்னப் படங்கள். நீங்கள் மனிதர்தான் என்று நிரூபிக்க, பஸ் இருக்கிற படங்களை எல்லாம் தொடச் சொல்கிறது.

“தம்பி, இது பஸ்ஸா வேனா?”

“பாதிதான் தெரியுது. பஸ்ஸுன்னே வச்சிக்கோங்களேன்.”

“வச்சிக்கினா எப்படி? பஸ்ஸா இல்லியா?”

சந்தில் போன மினி பஸ் டிரைவர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் குனிந்து பார்த்துவிட்டு, “வேன்தாம்மா, கண்ணாடியப் பாரு” என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா அந்தப் படத்தைத் தொடவில்லை. இதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் ஒரு வருஷம் சிரித்தோம்.

அவருடைய மெஷினில் விண்டோஸ் கிடையாது, லினக்ஸ். காசு கொடுத்து வாங்கத் தேவையில்லாதது, யாரும் திறந்து பார்த்து மாற்றிக்கொள்ளலாம் என்பார். தூக்கிப் போடுகிற பழைய கம்ப்யூட்டர்களை வாங்கி, தூசி தட்டி, அதைப் போட்டு, இல்லாதவர்களுக்குச் சொற்ப விலைக்குக் கொடுப்பார். “வாடகை வூட்ல ஒரு ஆணி அடிக்கணும்னாலும் ஓனரக் கேக்கணும் தம்பி. ராத்திரி எத்தினி மணிக்கு லைட்ட நிறுத்தணும்னு அவங்க சொல்வாங்க. யார் வந்தாங்க, யார் போனாங்கன்னு எட்டிப் பாப்பாங்க. இது சொந்த வூடு.” இதை அவர் சொன்னபோது நான் மெஷினைப் பற்றித்தான் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

செல்போனும் அப்படித்தான். கம்பெனி போட்டு அனுப்பிய மென்பொருளை எடுத்துவிட்டு வேறு ஒன்றைப் போட்டிருந்தார். அதனால் வங்கி ஆப் அவர் போனில் திறக்காது. “இந்தச் சாதனம் பாதுகாப்பானதல்ல” என்று ஒரு வரி காட்டிவிட்டு மூடிக்கொள்ளும். ஊரில் பூக்காரம்மா முதல் எல்லோரும் போனை நீட்டிப் பணம் அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், அக்கா சுருக்குப் பையிலிருந்து சில்லறை எண்ணுவார். மாதம் ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டு வங்கி வரிசையில் நிற்பார். டீக்கடை மாஸ்டருக்கு அது தினசரித் தீனி.

“ஊரு கம்ப்யூட்டரெல்லாம் ரிப்பேர் பண்ற அம்மாவுக்கு டீக்காசு அனுப்பத் தெரியல பாரு.”

“அனுப்பத் தெரியும்ணா. வாசல்ல நிக்க வச்சி நீ யாருன்னு கேக்குறான். இன்னார்னு சொன்னேன். அப்படின்னா போய்ட்டு வான்றான்.”

“பொய் சொல்லிட்டுப் போயேன்.”

“உள்ள வுடலன்னா வெளிய நிப்பேண்ணா. வெளிய நின்னு எனக்குப் பழக்கம்.”

மாஸ்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். சந்தில் அவரைப் பிடிக்காதவர்கள் இல்லை, கேலி செய்யாதவர்களும் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டது ஒரே ஒருவர்தான், அந்த ஒன்பது பெண்களின் சமையல் குழுத் தலைவி. வயதில் மூத்தவர். “எல்லாரும் அக்கா அக்கான்னா, அவங்க ஆத்தா வச்ச பேரு இன்னாத்துக்கு இருக்குது? கூப்புடத்தானே?” என்று சொல்லி, சந்து முனையிலிருந்தே உரக்கக் கூப்பிடுவார். அக்கா எந்த வேலையில் இருந்தாலும் அந்தக் குரலுக்கு மட்டும் “தோ வந்துட்டேன்” என்று எழுந்து வாசலுக்கு வந்துவிடுவார். மற்றவர்கள் கூப்பிட்டால் உட்கார்ந்த இடத்திலிருந்துதான் பதில். பெயரைக் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு தெளிவு வரும்.

குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மயிலத்துப் பக்கம் ஒரு கல்லூரி விடுதிக்குச் சமைக்கும் வேலை அது. ஒன்பது பெண்கள் சேர்ந்து எடுத்திருந்தார்கள். அதற்கு முன்னால் தலைவி கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்தவர். ஊர் ஊராகப் போய்ச் சாலையோரம் கூடாரம் போட்டுத் தங்குகிற வேலை. என் மனைவி மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கப் போவாள். நகக்கண்ணெல்லாம் புண்ணாக இருக்கும். விடுதி வேலை வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் மாதத்தின் கடைசி வாரமும் மற்ற வாரங்களைப் போல ஆனது. மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை டெண்டர். அதற்கான முன்வைப்புத் தொகையைக் குழுவின் கணக்கிலிருந்து இணையத்தில்தான் கட்ட வேண்டும். நேரில் கொண்டுபோனால் வாங்க மாட்டார்கள்.

குழுவின் கணக்கைக் கவனிக்க அக்கா ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தயார் செய்து என் கடையின் மூலையில் வைத்துக் கொடுத்திருந்தார். குழுக் கணக்கு என்பதால் வங்கியில் ஒரு ஏற்பாடு: பதிந்துவைத்த மெஷினிலிருந்து மட்டும்தான் கணக்கு திறக்கும். வேறு மெஷினைப் பதிய வேண்டுமென்றால் ஒரு வாரம் ஆகும். நல்ல பாதுகாப்புதான் என்று அக்காவே பாராட்டினார். மூன்று வருஷம் ஒரு சிக்கலும் இல்லை.

டெண்டரின் கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னால், காலையில் மனைவியும் தலைவியும் மெஷின் முன்னால் உட்கார்ந்தார்கள். வங்கியின் பக்கம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தது. நடுவில் ஒரு பெட்டி: உங்கள் பிரவுசரும் இயங்குதளமும் ஆதரிக்கப்படவில்லை. அவ்வளவுதான். கீழே ஒரு பொத்தான், “வெளியேறு”.

அக்கா வந்து பார்த்தார். கொஞ்ச நேரம் தட்டினார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

“மெஷினு கெட்டுப்போச்சாக்கா?” என்றாள் என் மனைவி.

“மெஷினு நல்லாத்தான் இருக்குது. நாம ஒரு பக்கத்தத் தொறக்கிறப்போ, பிரவுசரு மொதல்ல வாசல்ல நின்னு தன் பேரச் சொல்லும். நான் இன்னார், இன்ன மெஷின்லேர்ந்து வர்றேன்னு. நேத்து வரிக்கும் அவங்க அதக் காதுல போட்டுக்கல. இப்போ ஒரு லிஸ்ட் வச்சிக்கினு பாக்குறாங்க. லிஸ்ட்ல நம்ம பேரு இல்ல.”

“விண்டோஸு போட்டுடேன்” என்றார் தலைவி.

“இந்த மெஷினுக்கு அது தாங்காதும்மா. போட்டாலும் பேங்க்கு இத வேற மெஷினுன்னு நெனைக்கும். திரும்பப் பதியணும், ஒரு வாரம்.”

என் கடையில் விண்டோஸ் மெஷின் நாலடி தள்ளித்தான் இருந்தது. அது பதிந்த மெஷின் இல்லை. நான் கேட்டேன்: “வேற பேரு சொல்ல வைக்க முடியாதாக்கா? நான் விண்டோஸுன்னு சொல்லிக்கட்டுமே.”

“முடியும். ஒரு நிமிஷ வேலை.”

“அப்பறம் இன்னா?”

“மாட்டேன் தம்பி.”

என் மனைவி மெதுவாகக் கேட்டாள்: “யாருக்கா வந்து கேக்கப் போறாங்க?”

“யாரும் கேக்க மாட்டாங்க. அதான் பேஜாரு.”

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த அலுவலகத்தோடு தகராறு என்றாலும் வெள்ளைத் தாள் எடுத்து, அனுப்புநர், பெறுநர் போட்டுக் கடிதம் எழுதுவார். இரண்டு பிரதி. ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றில் முத்திரை வாங்கிக்கொள்வார். கடையில் மூன்று ஃபைல் நிறைய முத்திரை குத்திய கடிதங்கள் இருந்தன. இப்போதும் எழுதினார். ‘நாங்கள் வாடிக்கையாளர்கள், பணம் எங்களுடையது, மெஷின் உங்களிடம் பதிந்தது, கதவை மட்டும் திறவுங்கள்’ என்கிற மாதிரி. அன்றே திண்டிவனம் கிளையில் கொடுத்தோம். “இதெல்லாம் எங்க கையில இல்ல, விழுப்புரத்துல கேளுங்க” என்றார்கள்.

மறுநாள் விழுப்புரம் போனோம், அக்காவும் நானும். மண்டல அலுவலகத்தில் குளிர்சாதன அறை. அதிகாரி கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“லினக்ஸா? அது எங்க லிஸ்ட்ல இல்லீங்களே.”

“அதாங்க சார் எழுதியிருக்கிறேன்.”

“லிஸ்ட்ல இல்லாதத பாதுகாப்பு இல்லாததுன்னு வச்சிக்கச் சொல்லி உத்தரவு. உங்களுக்குன்னு இல்ல, எல்லாருக்கும்தான்.”

“மூணு வருஷமா இதுலேர்ந்துதான் வந்து போய்க்கினு இருந்தோம் சார். ஒரு ரூபா அங்க இங்க போகல.”

“நான் இல்லைன்னு சொல்லலையே. பரிசீலனைக்கு அனுப்புறேன்.”

“நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள ஆவுமா?”

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. அவருக்கே அலுத்துப்போன சிரிப்பு. பிரதியில் ‘பெறப்பட்டது’ என்று முத்திரை குத்திக் கொடுத்தார். அக்கா மை காய்வதற்காக அதை ஊதிக்கொண்டே வெளியே வந்தார்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது, “ரெண்டு நிமிஷம் தம்பி” என்று சொல்லி ஒரு தெருவுக்குள் திரும்பினார். மூன்று மாடிக் கட்டிடம் ஒன்றின் முன்னால் நின்றார். கீழே மருந்துக்கடை. ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, “பழைய வூட்டு கேட்டு இங்கதான் இருந்துச்சு” என்றார். பிறகு பஸ் ஏறி விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டினோம். அதற்கப்புறம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

காணைப் பக்கத்துக் கிராமம் அவர்களுடையது. நிலம் கிடையாது. குடியிருப்பு ஊருக்கு வெளியே. அப்பாவுக்கு விழுப்புரம் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கும் வேலை கிடைத்தது. பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று டவுனில் வீடு தேடினார். வாடகை பேசி முடித்த பிறகு, “நீங்க யாரு?” என்று கேட்பார்களாம். சொன்னதும் வீடு வேறொருவருக்குப் பேசியாகிவிட்டிருக்கும். ஏழு வீடு. எட்டாவது வீட்டில் அப்பா வேறு சாதியைச் சொன்னார். பிள்ளைகளுக்கு அதற்குப் பொருத்தமாக வேறு பெயர்கள். அம்மா ஜெபமாலையை அரிசிப் பானைக்குள் போட்டு வைத்தார். அக்காவுக்கு அப்போது ஒன்பது வயது.

“தெருவுல யாராவது பழைய பேர்ல கூப்ட்டா திரும்பக் கூடாது. அப்பா தெனம் பாடம் எடுப்பாரு. பின்னால நின்னு என் பேரச் சொல்லுவாரு. நான் திரும்பாம நடக்கணும். மொத ரெண்டு நாளு திரும்பிட்டேன். அப்பறம் பழகிடுச்சு.”

அந்த வீட்டுக்குக் குடிவந்த எட்டாம் மாதம், ஒரு சனிக்கிழமை, அத்தை வந்தார். அப்பாவின் கூடப் பிறந்தவர், அக்காவைத் தூக்கி வளர்த்தவர். தலையில் கேப்பையும் மல்லாட்டையும் கட்டின மூட்டை. கேட்டில் நின்ற வீட்டுக்காரம்மா, “யாரு வேணும்?” என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது அக்கா கடைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறார். அத்தை பார்த்ததும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்.

“வூட்டுக்காரம்மா என்னப் பாத்தாங்க. ‘ஏம்மா, இவங்க யாரு, உனக்குத் தெரியுமா?’ன்னாங்க.”

பஸ்ஸில் யாரோ சில்லறைக்காகக் கண்டக்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா அது முடியும் வரை காத்திருந்தார்.

“தெரியாதுன்னேன்.”

கண்டக்டர் எங்களைத் தாண்டி முன்னால் போனார்.

“அத்தைக்கு ஒரு செகண்டுதான். புரிஞ்சிக்கினாங்க. ‘தெரு மாறி வந்துட்டேம் போலக்குதும்மா’ன்னு வூட்டுக்காரம்மா கிட்ட சொல்லிட்டு, எறக்கி வச்ச மூட்டைய அவங்களே தூக்கித் தலையில வச்சிக்கினு போனாங்க. தூக்கி வுடக்கூட நான் போகல. மறுபடி அவங்க எங்க வூட்டுக்கு வரவே இல்ல. செத்தப்போதான் பாத்தேன்.”

இரண்டு மாதத்தில் எப்படியோ விஷயம் தெரிந்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்களாம். “அன்னிக்கு ராத்திரிதான் நல்லாத் தூங்குனேன்” என்றார். மயிலம் கூட்டு ரோடு வந்தபோது ஒரு கூட்டம் ஏறியது. ஒரு குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

இப்போது அந்தச் சந்தில் அவர் கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். அக்கா அந்த வருஷமே பூட்டிக்கொண்டு போய்விட்டார். இரும்பை என்கிற ஊர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறார் என்று மினி பஸ் டிரைவர் சொன்னார். ஒரு மணி நேரப் பயணம்தான். நான் இன்னும் போகவில்லை. என்ன முகத்தை வைத்துக்கொண்டு போவது?

கடைசி நாளுக்கு வருகிறேன். காலையிலிருந்தே ஒன்பது பேரும் என் கடை வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். அக்காவை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். தலைவி மட்டும் ஒரு தடவை சொன்னார்: “கரும்பு வெட்டு இனிமே என்னால ஆவாது. முட்டி மடங்கல.” யாரைப் பார்த்தும் சொல்லவில்லை, ரோட்டைப் பார்த்துச் சொன்னார். மதியம் அக்கா எழுந்து, “பேங்க்ல இன்னொரு தடவ கேட்டுப் பாக்குறேன்” என்றார். நான் கூடப் போனேன்.

அந்த இளம் அதிகாரி நல்ல பையன். விழுப்புரத்துக்கு எங்கள் எதிரிலேயே போன் செய்தார். வைத்துவிட்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்து, கண்ணாடி ஓட்டைக்கு வாயைக் கொண்டுவந்தார்.

“மேடம், நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. உங்க பிரவுசர் தன்ன விண்டோஸ்னு சொல்லிக்கிற மாதிரி மாத்திடுங்க. சிஸ்டம் பேரத்தான் பாக்குது, வேற எதையும் பாக்கல. உள்ள போயிடலாம்.”

“உங்களுக்குத் தெரிஞ்சேவா சார் சொல்றீங்க?”

“எல்லாரும் பண்றதுதான் மேடம். உங்க நிலைமையப் பாத்துட்டுத்தான் சொல்றேன்.”

அப்போதுதான் அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் நான்தான் என்றால் கதவு மூடியிருக்கும், வேறு ஆள் என்றால் திறக்கும், அதானே என்று. பையன் ஸ்டாம்பை எடுத்தார், வைத்தார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

முந்தின நாள் பஸ்ஸில் சொன்னதைக் கேட்டவன் நான் ஒருவன்தான். அந்தச் சந்தில், ஏன் அந்த ஊரிலேயே, அவர் ஏன் மாட்டேன் என்கிறார் என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். வேணாம்க்கா, போகட்டும் விடுங்க என்று அவரிடம் சொல்லக்கூடியவனும் நான்தான். ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் அவர் நின்றிருப்பார் என்று இப்போதும் நினைக்கிறேன்.

எனக்கு என் மனைவியின் நகக்கண்கள் ஞாபகம் வந்தன.

“மணி ஆவுதுக்கா” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். வழக்கம் போலப் பையிலிருந்து வெள்ளைத் தாளை எடுத்துக் கண்ணாடிக்கு முன்னால் இருந்த பலகையில் வைத்தார். பேனாவைத் திறந்து இடது ஓரத்தில் ‘அனுப்புநர்’ என்று எழுதினார். அதன் கீழே பெயர் எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றது. கொஞ்ச நேரம் நின்றது. பேனாவை மூடினார். தாளை நாலாக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, “வாங்க தம்பி” என்று எனக்கு முன்னால் நடந்தார். அன்றைக்கு மட்டும்தான் அவர் ஓர் அலுவலகத்திலிருந்து முத்திரை இல்லாமல் வெளியே வந்தார்.

கடையில் பெண்கள் எழுந்து வழிவிட்டார்கள். அக்கா மெஷின் முன்னால் உட்கார்ந்து என்னவோ ஒரு கட்டத்தைத் திறந்து, பிரவுசர் தன் பெயராகச் சொல்லவேண்டியதை எழுதினார். ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை. வங்கியின் பக்கத்தைத் திறந்தார். நடுவில் இருந்த பெட்டி இல்லை. ‘நல்வரவு’ என்று வந்தது.

தலைவி பாஸ்வேர்டு அடிக்கும்போது, அக்கா எப்போதும் செய்கிற மாதிரி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அடுத்து இரண்டாவது கையெழுத்துக்காரியான என் மனைவி தன்னுடையதை அடித்தாள். நாலு மணி சொச்சத்துக்குப் பணம் போய்ச் சேர்ந்ததாக ரசீது வந்தது. பிரிண்டர் அதைத் துப்பியதும் யாரோ ஒருத்தி அழ ஆரம்பித்தாள்; இன்னொருத்தி அவள் முதுகில் அறைந்து சிரித்தாள். நான் டீக்கடை மாஸ்டரிடம் பத்து டீ சொன்னேன், என் கணக்கில். காலையிலிருந்து யாரும் சாப்பிடவில்லை என்று அப்போதுதான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. தலைவி தூக்குவாளியைத் திறந்து, கையில் ஒரு தட்டோடு, அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

“வா, ரெண்டு வாய் துன்னுட்டு வேலையப் பாரு.”

அக்கா மூன்றடி தள்ளி, எங்களுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டிருந்தார். கையில் துணி. கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தலைவி மறுபடி பெயரைச் சொன்னார், இந்தத் தடவை சந்து முனையிலிருந்து கூப்பிடுகிற அதே உரத்த குரலில். ரோட்டில் போன ஒரு ஆள் திரும்பிப் பார்த்தார்.

அக்கா ஒரு வரிசைப் பொத்தான்களைத் துடைத்து முடித்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்.